வைரஸ் மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தயாரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் தெளிவாக விழாவிட்டால் கருவியைக் குறை சொல்கிறோம். ஆனால் மோசமான படங்களில் பெரும்பாலானவை மாதிரியைத் தாங்கும் கிரிட்டின் (கார்பன் படலம் போர்த்திய, 3 மி.மீ. அகலமுள்ள செப்பு வலைத்தட்டின்) மேல், கடைசி இரண்டு நிமிடங்களிலேயே உருவாகிவிடுகின்றன.

புகையிலைத் தேமல் வைரஸையே எடுத்துக்கொள்வோம். 1939-இலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கப்பட்ட இது, சுமார் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் தடிமனும் கொண்ட நேரான கோல். மனிதரைத் தாக்காததால் கைப்பழக்கத்துக்கு மிகவும் ஏற்றது. இதைப் பலரும் பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) வைத்திருப்பார்கள். கழுவாமல் அதன் மேலேயே, கோல்களைச் சுற்றிப் படிந்து அவற்றின் உருவைக் காட்டும் யுரேனைல் அசிட்டேட் சாயத்தை விடுவதுதான் முதன்மையான தவறு. இரண்டும் சேர்ந்தால் கரையாத வீழ்படிவு உண்டாகி, படமெங்கும் கரும்புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே மாதிரி ஒட்டியதும் கிரிட்டை இரண்டு மூன்று காய்ச்சி வடித்த நீர்த்துளிகளில் தொட்டெடுத்த பிறகே சாயமிட வேண்டும். யுரேனைல் அசிட்டேட் நச்சும் மெல்லிய கதிரியக்கமும் உடையது என்பதால் கையுறையும் தனிக் கழிவுப் புட்டியும் கட்டாயம்.

சாயத்தை உறிஞ்சி எடுக்கும் கணம் மிகவும் நுட்பமானது. வடிதாளின் கிழிந்த ஓரத்தைக் கிரிட்டின் விளிம்பில் மட்டும் தொடவிட்டு, மிக மெல்லிய ஈரப்படலம் எஞ்சும்போது எடுத்துவிட வேண்டும். முழுதும் உறிஞ்சினால் கோல்களைச் சுற்றிச் சாயமே இராது, மிகுதியாக விட்டால் அவை அதில் மூழ்கிப்போகும். இடுக்கியின் இரு நுனிகளுக்கிடையே ஏறி நிற்கும் துளியைப் பலர் கவனிப்பதில்லை. கிரிட்டை விடுவிக்கும்போது அது மீண்டும் வழிந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதால், அந்த இடுக்கில் வடிதாள் துண்டைச் செருகி முதலில் அதை எடுத்துவிட வேண்டும். துளி பரவாமல் முத்தாகத் திரண்டு நின்றால் கார்பன் படலம் நீரை விலக்குகிறது என்று பொருள். கிரிட்டைப் பயன்படுத்துவதற்குச் சற்று முன்பு குளோ டிஸ்சார்ஜ் செய்தால் (குறைந்த அழுத்த வாயுவில் மின்னிறக்கத்துக்கு உட்படுத்தினால்) இது சரியாகும்.

நீளத்தை அளப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: பிப்பெட்டால் வேகமாக ஏற்றி இறக்கினாலும், திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினாலும் கோல்கள் முறியக்கூடும், அந்தத் துண்டுகளைப் புதிய வகை என்று கருதிவிடக் கூடாது.

சாயமிட்ட மாதிரி உலர்ந்து சற்றே தட்டையாகிவிடுவதால், சுமார் 2 நானோமீட்டருக்குக் கீழான விவரங்களுக்கு மாதிரியைச் சாயமின்றி நொடியில் உறையவைத்துப் பார்க்கும் உறைநிலை முறையே வேண்டும். அங்கே கிரிட்டை நேரடியாகத் திரவ நைட்ரஜனில் முக்குவது தவறு. சுற்றிலும் ஆவிப்படலம் எழுந்து குளிர்ச்சியைத் தாமதப்படுத்த, நீர் படிகமாகிவிடும். நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட திரவ ஈத்தேனில் முக்கினால்தான் படிகமற்ற பனி கிடைக்கும்.