மன்ஹாட்டனின் மறைந்த உயர்மட்ட ரயில்: வீட்டுப் படச்சுருள்களைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில், தெருக்களுக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது நான்கு பெரிய அவென்யூக்களில் ஓடிய ரயில் பாதைகள் இன்று இல்லை. ஆறாவது அவென்யூ பாதை 1938 டிசம்பரில் மூடப்பட்டது. ஒன்பதாவது அவென்யூ பாதையின் பெரும்பகுதி 1940 ஜூனிலும், இரண்டாவது அவென்யூ பாதை 1940, 1942 ஆகிய ஆண்டுகளில் இரு கட்டங்களாகவும் நின்றன. 1878 முதல் ஓடிய மூன்றாவது அவென்யூ ரயில் 1955 மே 12 அன்று மன்ஹாட்டனில் கடைசியாக ஓடியது. வீட்டு சினிமா கேமரா பரவியதும் இதே காலத்தில்தான். 16 மி.மீ. பிலிம் 1923 இலும், 8 மி.மீ. 1932 இலும், கோடாக்ரோம் வண்ணப் பிலிம் 1935-36 இலும் வந்துவிட்டதால், அந்தத் தெருக்களில் வாழ்ந்த சாதாரண மக்கள் தங்கள் வீட்டு வாசலையும் மாடிச் சன்னலையும் கடந்து சென்ற ரயிலைத் தாங்களே படம்பிடித்து வைத்தார்கள். அந்தச் சுருள்கள் இன்றும் பரண்களிலிருந்தும் பழைய பொருள் விற்பனையிலிருந்தும் வெளிவருகின்றன; அவற்றில் பல, கிடைத்த முதல் வாரத்திலேயே கெட்டுப்போகின்றன.

கிடைத்தவுடன் பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்ப்பது முதல் தவறு. இவை அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம்கள். வெப்பமும் ஈரமும் பட்டால் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். சிதையும் பிலிம் சுருங்குவதால், அதன் ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாமல் கிழிகின்றன. பற்சக்கரம் இல்லாமல் பிலிமை நகர்த்தி, ஒவ்வொரு கட்டமாக (பிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படமாக) படியெடுக்கும் ஸ்கேனரே இவற்றுக்கு ஏற்றது. வாடை அடிக்கும் சுருளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதும் தீங்குதான், ஏனெனில் வெளியேற முடியாத அமில ஆவி சிதைவை விரைவுபடுத்துகிறது. பழைய பிலிம் தீப்பிடிக்கும் என்று அஞ்சிச் சிலர் முழுப் பெட்டியையும் எறிந்துவிடுவது வருத்தத்துக்குரியது. எளிதில் பற்றியெரியும் நைட்ரேட் பிலிம் 35 மி.மீ. அளவுக்கு உரியது, கோடக் நிறுவனத்தின் 16 மி.மீ., 8 மி.மீ. பிலிம்கள் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத வகையில்தான் செய்யப்பட்டன.

மிகப் பெரிய தவறு என்று நான் கருதுவது, ரயில் வரும் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு, பிறந்தநாள் விழாவையும் கடற்கரையையும் பனியில் விளையாடும் குழந்தைகளையும் ஒதுக்கிவிடுவதாகும். ரயில் எந்த ஆண்டில் ஓடியது என்பதைச் சொல்லும் சாட்சி, பெரும்பாலும் அந்தக் குடும்பக் காட்சிகளில்தான் இருக்கிறது: குழந்தையின் வயது, கேக்கின் மேல் உள்ள மெழுகுவத்திகள், மரங்களில் இலை இருந்ததா உதிர்ந்திருந்ததா என்பவை எல்லாம் காலத்தைக் குறுக்கித் தருகின்றன. அக்காலத்து 8 மி.மீ. சுருள் உண்மையில் 16 மி.மீ. அகலமும் 25 அடி நீளமும் கொண்டது. ஒரு பாதியில் எடுத்து முடித்ததும் திருப்பிப் போட்டு மறு பாதியில் எடுப்பார்கள். கழுவிய பின் நீளவாக்கில் பிளந்து ஒட்டி, 50 அடியாக, சுமார் நான்கு நிமிடப் படமாகத் தருவார்கள். நடுவில் வெளிச்சம் பட்டு வெளிறிய சில கட்டங்கள் குப்பை அல்ல. இரண்டு பாதிகளும் ஒரே சுருளைச் சேர்ந்தவை என்பதற்கு அவையே ஆதாரம். அஞ்சல் முத்திரை பதிந்த அட்டைப் பெட்டியையும், அதன் மேல் உள்ள கையெழுத்தையும் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு குறிப்பை நம்பி ஆண்டைச் சொல்லிவிடுவதும் அடிக்கடி நிகழ்கிறது. கோடக் பிலிமின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைக் காட்டுகின்றனவே தவிர, படம் எடுத்த ஆண்டை அல்ல. மேலும் அதே குறிகள் 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்தன. எனவே 1928 இன் குறியும் 1948 இன் குறியும் ஒன்றே. தெருவில் நிற்கும் கார், ‘இதற்கு முன்பு அல்ல’ என்பதை மட்டுமே சொல்லும். ‘இதற்குப் பின்பு அல்ல’ என்பதைப் பாதை மூடப்பட்ட நாள் சொல்லும். இவ்விரண்டு எல்லைகளையும் தேடிப் பொருத்துவதே முறை. மன்ஹாட்டனின் தென்முனையில் கோயன்டீஸ் ஸ்லிப் என்ற தெருவருகே பாதை பாம்பாக வளையும் புகழ்பெற்ற இடம் படத்தில் தெரிந்தால், அது 1950 டிசம்பருக்கு முந்தையது, ஏனெனில் மூன்றாவது அவென்யூ பாதையில் சாட்டம் சதுக்கத்திலிருந்து தென்முனைக்குச் செல்லும் பகுதி அப்போதே மூடப்பட்டது. கார்களின் எண் பலகையில் 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியின் பெயர் தெரிந்தால், 1938 முதல் 1940 வரையிலான நியூயார்க் மாநிலப் பலகைகளில்தான் அது இருந்தது என்பதை நினைவில் கொள்ளலாம்.

பாதையையே மாற்றிச் சொல்வது இன்னொரு தவறு. மூன்றாவது அவென்யூ ரயில் மன்ஹாட்டனில் நின்ற பின்பும், பிராங்க்ஸ் பகுதியில் 1973 வரை ஓடியது. 8 மி.மீ. பிலிமின் புதிய வடிவமான சூப்பர் 8 வந்தது 1965 இல். ஆகவே சூப்பர் 8 சுருளில் அந்த ரயில் ஓடினால், அது மன்ஹாட்டனாக இருக்கவே முடியாது. 1939 உலகக் கண்காட்சிக்காக மாற்றியமைக்கப்பட்ட மரப் பெட்டிகள், 1950 இல் மூன்றாவது அவென்யூவுக்கு வந்து, பின்னர் புரூக்ளினுக்குத் திரும்பி மர்ட்டில் அவென்யூ பாதையில் 1969 வரை ஓடியதால், பெட்டியைப் பார்த்து மட்டும் இடத்தை முடிவு செய்வதும் தகாது. பிலிமைப் பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்தால், கடைப் பலகைகளின் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரியும். பலகையே தெரியாத காட்சிகளில் இதைக் கவனிக்காமல் விட்டு, கிழக்கை மேற்கென்று எழுதிவிடுகிறார்கள்.

வேகத்திலும் கவனம் தேவை. ஒலியில்லா வீட்டுப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 16 கட்டங்கள் வீதம் எடுக்கப்பட்டவை. அவற்றை 24 கட்டங்களாக ஓட்டினால், நிலையத்துக்குள் மெல்ல நுழையும் ரயில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பாய்கிறது. கணினியைக் கொண்டு இடைக்கட்டங்களைப் புதிதாக உருவாக்குவதும், கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவதும், வேறெங்கோ பதிவான ரயில் ஓசையைச் சேர்ப்பதும், அங்கே இல்லாததை இருந்ததாகக் காட்டுகின்றன. இருளில் வைக்கப்பட்ட கோடாக்ரோம் நிறங்கள் பல பத்தாண்டுகள் மங்காமல் நிற்பவை. அவற்றைத் திருத்துவதற்கு முன் மாற்றமில்லாத ஸ்கேன் பிரதியைத் தனியே சேமித்து, செய்த மாற்றங்களை எழுதி வைப்பது கட்டாயம்.

சுருளை விலைக்கு வாங்கியவருக்குப் பதிப்புரிமையும் சேர்ந்து வந்துவிடுவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி பொருளின் உடைமை வேறு, பதிப்புரிமை வேறு. வெளியிடப்படாத படத்துக்கு, எடுத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. ஆகவே பெட்டியின் மேல் உள்ள பெயரைக் கொண்டு குடும்பத்தைத் தேடி, படத்தைப் பொதுவில் வைப்பதற்கு முன் இசைவு கேட்பது நல்லது. படத்தில் இருப்பவர்களை அடையாளம் கண்டு, எந்தச் சன்னலிலிருந்து எடுத்தது என்று சொல்லக்கூடியவர்களும் அவர்களே.