நோட்டரியிடம் செல்லும் முன்: அவர் எதற்குச் சான்று தருகிறார்?

நோட்டரி பப்ளிக்கின் முத்திரை விழுந்துவிட்டால் ஆவணத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையென்று ஆகிவிடும் எனப் பலர் எண்ணுகிறார்கள். அது அப்படியல்ல, அவருடைய பணியும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளில் நோட்டரி சட்டம் பயின்றவராக இருந்து, ஆவணத்தைத் தாமே வரைந்து, அதன் விளைவுகளை உரியவர்களுக்கு விளக்கும் பொறுப்பையும் ஏற்கிறார். ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகள் பலவற்றில் அவருடைய பணி இதைவிடக் குறுகியது: இன்னார் நேரில் வந்தார், தாம் யார் என்பதைக் காட்டினார், தம் விருப்பப்படி கையொப்பமிட்டார் என்பதற்கே அவர் சாட்சி.

ஆகவே வீட்டிலேயே கையொப்பமிட்டு எடுத்துச் செல்லாதீர்கள். அபிடவிட் எனப்படும் பிரமாணப் பத்திரமாக இருந்தால், உள்ளே இருப்பது உண்மையென உறுதிமொழி கூறி, அவர் பார்த்திருக்கவே கையொப்பமிட வேண்டும். பவர் பத்திரம் போன்றவற்றில், முன்பே இட்ட கையொப்பம் தம்முடையதுதான் என்று அவர் முன் ஒப்புக்கொள்வது சில இடங்களில் போதுமானது. என்றாலும் எது தேவையென்று தெரியாதபோது, கையொப்ப இடத்தை வெறுமையாக விட்டுச் செல்வதே பாதுகாப்பானது. மற்ற இடங்கள் எதுவும் நிரப்பப்படாமல் இருக்கக் கூடாது. பிறகு எவரும் எதையும் எழுதிக்கொள்ள இடம் தரும் தாளில் நேர்மையான நோட்டரி முத்திரையிட மாட்டார்.

அரசு வழங்கிய, காலாவதியாகாத, புகைப்படமுள்ள அடையாள அட்டையின் மூலத்தைக் கொண்டு செல்லுங்கள். ஆவணத்தில் உங்கள் பெயர் தலைப்பெழுத்தோடும் கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாகவும் இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடக்கூடும். எழுத்துக்கு எழுத்து முன்னதாகவே ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மை நகலுக்குச் சான்று பெறுவதானால் மூல ஆவணமும் கையில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் போன்ற அரசுப் பதிவுகளுக்குப் பல இடங்களில் நோட்டரி நகல் ஏற்கப்படாது. அவற்றை வழங்கிய அலுவலகத்திலேயே புதிய படி கேட்க வேண்டியிருக்கும்.

உள்ளே சென்றதும் சில கேள்விகளை எதிர்பாருங்கள். இது என்ன ஆவணம், படித்தீர்களா, யாராவது வற்புறுத்தினார்களா என்று அவர் கேட்கலாம். முதியவர் ஒருவரை அழைத்து வந்திருந்தால், பிள்ளைகளைச் சற்று வெளியே இருக்கச் சொல்லி, அவரிடம் தனியாகப் பேசலாம். இதை அவமதிப்பாகக் கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஆனால் தன் வீட்டை எழுதிக் கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் ஒருவர் கையொப்பமிடுவதைத் தடுக்கும் கடைசி வாய்ப்பு பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்கள்தான் என்பதால், அப்படிக் கேட்கும் நோட்டரியை நான் மிகவும் மதிக்கிறேன். மாறாக, ஆள் வராமலேயே முத்திரை வாங்கித் தருவதாக எவரேனும் சொன்னால் விலகிவிடுங்கள். காணொளி வழியே முன்னிலையாவதைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில்கூட, ஆளே இல்லாத கையொப்பத்துக்கு இடமில்லை, பின்னாளில் வழக்கு வந்தால் அந்த ஆவணம் நிற்காது.

தமக்கோ தம் நெருங்கிய உறவினருக்கோ ஆதாயம் தரும் ஆவணத்தை நோட்டரி ஏற்கக் கூடாது. அவர் வழக்கறிஞராக இல்லாத இடங்களில் சட்ட ஆலோசனையும் சொல்ல முடியாது. கட்டணத்தின் உச்ச வரம்பைப் பல இடங்களில் சட்டமே வகுத்திருக்கிறது, ரசீது கேளுங்கள்.

ஆவணம் வெளிநாட்டுக்குப் போவதானால், முதலில் அதைப் பெறப்போகும் அலுவலகத்திடம் விசாரியுங்கள். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளுக்கிடையே தூதரகச் சான்றுக்குப் பதிலாக அப்போஸ்டில் என்ற ஒரே சான்று பெரும்பாலும் போதும். அதுவும் நோட்டரியின் கையொப்பம், பதவி, முத்திரை ஆகியவற்றை மட்டுமே உறுதிசெய்கிறது, உள்ளடக்கத்தை அல்ல.

நோட்டரியின் பதிவேட்டில் கையொப்பமோ சில இடங்களில் கைரேகையோ கேட்பார்கள். தாளைத் திரும்பப் பெற்றதும் தேதி, ஊர், உங்கள் பெயர், பதிவு எண், முத்திரையின் தெளிவு ஆகியவற்றை அங்கேயே பாருங்கள். பிழை இருந்தால் அவரே திருத்த வேண்டும். சான்றுப் பகுதியில் உங்கள் பேனா படவே கூடாது.