பக்கியின் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறதா? புஷ்ஷை மட்டும் மாற்றுங்கள்

பக்கியில் (பிக்கப் வண்டியில்) முன்சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கைதான் லோயர் ஆர்ம்; அது சட்டத்தில் மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். புஷ் தேய்ந்துவிட்டால் ஆர்மை முழுதாக வாங்க வேண்டாம். ஆர்மைக் கழற்றி, பிரெஸ் மெஷின் உள்ள பட்டறையில் கொடுத்துப் புது ரப்பர் புஷ் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்தே செய்வது நல்லது.

முக்கியமானது இனிமேல்தான். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கிவிடாதீர்கள், கையால் திருகியதோடு விடுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முழு எடையும் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். இந்த வகை புஷ்ஷில் ரப்பர், போல்ட் நுழையும் உலோக உள்குழாயோடு ஒட்டியிருக்கும், இறுக்கினால் உள்குழாய் அசையாது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். ‘மட்டமான சாமான்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறோமே, பாதி நேரம் கோளாறு இதுதான்.

கேம் போல்ட் (திருப்பி அலைன்மென்ட்டை மாற்றும் போல்ட்) இருந்தால் கழற்றும் முன் அது நிற்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். திரும்ப அதே கோட்டில் மாட்டினால் அலைன்மென்ட் கடைவரை நேராக ஓட்டிப் போகலாம். அலைன்மென்ட் எப்படியும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆர்ம் வளைந்திருந்தாலோ, டர்பன் கடற்காற்றில் துரு அரித்திருந்தாலோ, ஆர்மோடு ஒன்றாக வரும் பால் ஜாயிண்ட்டும் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) ஆடினாலோ இது சரிப்படாது, முழு ஆர்ம்தான். ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரித்தேன் (ஒருவகை பிளாஸ்டிக்) புஷ் தனியாகச் சுழலும் என்பதால், இறக்கி இறுக்கும் வேலை அதற்குப் பெரும்பாலும் தேவைப்படாது.