கொழும்பிலிருந்து நீஸ் கடற்கரைக்கு: எப்போது, எப்படி, எதில்

பிரான்சுக்குப் போகும் எங்கள் ஆட்களின் பயணம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் முடியும். பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாமான், ஈஃபிள் கோபுரத்தடியில் நாலு படம், பிறகு சித்தப்பா வீடு, மாமி வீடு என்று வீடு வீடாகச் சாப்பாடு, அதோடு லீவு சரி. அந்த லீவில் ஒரு கிழமையைப் பிடுங்கித் தெற்கே மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நீஸுக்குக் கொடுங்கள். அங்கே போனாலும் தினமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் மாற வேண்டாம். நீஸில் ஒரு அறை, மற்ற ஊர்களுக்கெல்லாம் ரயிலில் போய்த் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம்.

முதலில் மாதம். பிள்ளைகளுக்கு ஓகஸ்டில் லீவு என்பதால் எல்லோரும் ஓகஸ்டையே பார்ப்பார்கள், ஆனால் பிரெஞ்சுக்காரருக்கும் அதே மாதம்தான் லீவு, அறை விலையும் கூட்டமும் உச்சத்தில் நிற்கும். பள்ளிக்கூடம் தடையில்லை என்றால் ஜூன் அல்லது செப்டம்பர். சித்திரை வருடப் பிறப்பு லீவில் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊர் பார்க்க நல்லது, குளிக்க முடியாது. எங்கள் கடல் வருடம் முழுக்க 28 பாகை அளவில் இருப்பது, அங்கே ஏப்ரலில் 15 பாகைக்குப் பக்கத்தில்தான், ஓகஸ்டில் மட்டும் 24, 25 வரை ஏறும். மே நடுவில் கான் திரைப்பட விழா நடக்கும் நாட்களையும் ஜூன் தொடக்கத்தில் மொனாக்கோ கார் பந்தய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், அந்தக் கரை முழுவதும் ஹோட்டல் விலை ஏறிவிடும்.

விசாதான் பெரிய வேலை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ், இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விசா) விண்ணப்பிக்கலாம், ஆகக் குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், ஆனால் கோடைக்கு முன் கைரேகை கொடுக்கும் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே ஓடுங்கள். பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. பாரிஸில் உறவினர் வீட்டில் தங்குவதாக எழுதினால் வெறும் கடிதம் காணாது, அவர்கள் தங்கள் நகரசபையில் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற, விருந்தினரைத் தங்கவைப்பதற்கான பத்திரம் எடுத்து அசலை அனுப்ப வேண்டும், அதற்குப் பல கிழமைகள் போகலாம், எனவே மாமாவை இப்போதே நச்சரியுங்கள். நீஸில் தங்கும் நாட்களுக்குத் தனியாக ஹோட்டல் பதிவு காட்ட வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின கிழமை திடீரென்று கணக்கில் பெரிய தொகை போட்டுக் காட்டுவது எங்கள் பழைய வித்தை. அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு மாதமாக ஒழுங்காகச் சம்பளம் விழும் கணக்கும், வேலையிடத்திலிருந்து லீவுக் கடிதமும் அதைவிடப் பெறுமதி. விசா வரும் வரை, காசு திரும்பாத டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து நீஸுக்கு நேரடி விமானம் இல்லை, டோஹா அல்லது துபாயில் மாறலாம். நீஸ் விமான நிலைய வாசலிலேயே டிராம் நிற்கும், இரண்டாம் இலக்கத்தில் ஏறினால் ஊருக்குள் போய்விடலாம், டாக்சி தேவையில்லை. பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் கார் து லியோன் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலைப் பிடியுங்கள், ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. வலப்பக்க ஜன்னல் எடுங்கள். சென் ரஃபாயேல் தாண்டியதும் சிவப்புப் பாறையும் கடலும் அந்தப் பக்கம்தான்.

நீஸில் இறங்கிய பிறகு எல்லாம் உள்ளூர் ரயில்தான். வெள்ளவத்தை, தெஹிவளை என்று எங்கள் கரையோர ரயில் கடலை ஒட்டி ஓடுகிறதே, அதே மாதிரி, மிதிபலகையில் தொங்கும் ஆட்கள் மட்டும் இல்லை. கிழக்கே வில்ஃபிரான்ஷ் பத்து நிமிடத்துக்குள், மொனாக்கோ இருபது சொச்சம், எலுமிச்சைக்குப் பேர்போன மொந்தோன் முக்கால் மணித்தியாலத்துக்குள். அதையும் தாண்டினால் இத்தாலியின் வென்திமிலியா, வெள்ளிக்கிழமை போனால் பெரிய சந்தை. மேற்கே அந்தீப், கான். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: வென்திமிலியாவிலிருந்து திரும்பும் ரயிலில் பிரெஞ்சுப் பொலிஸ் ஏறிச் சோதிப்பது வழக்கம், எங்கள் நிறத்தைக் கண்டால் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். அசல் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். போட்டோப் பிரதி காட்டி வாதாடுவது வீண்.

குளிக்க நீஸ் அவ்வளவு நல்லதில்லை. மணல் கிடையாது, முழுக்கக் கூழாங்கல், செருப்பு இல்லாமல் நடந்தால் உள்ளங்கால் பழுத்துவிடும், கரையை விட்டதும் சட்டென்று ஆழம் வேறு. சிறுவர்களோடு போகிறவர்கள் அந்தீப், ழுவான் லெ பான் பக்கம் போங்கள், அங்கே மணல். சாய்கதிரை போட்டிருக்கும் பகுதிகள் தனியார் வாடகை இடங்கள், பக்கத்திலேயே பொதுக்கரை இலவசம். அம்மா சுடிதாரோடு கரையில் இருந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மேலாடை இல்லாமல் படுத்திருப்பவர்களை நாங்களும் பார்க்காமல் இருப்பது மரியாதை.

சாப்பாட்டுக்கு சொக்கா தேடுங்கள். கடலை மா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான், பெரிய தட்டில் விறகடுப்பில் சுட்டு மிளகு தூவித் தருவார்கள், சைவக்காரருக்கும் சரி. மரக்கறி பிட்சா என்று நினைத்து வெங்காயம் போட்ட பிசலாதியேரை வாங்கிவிடாதீர்கள், அதில் உப்பு நெத்தலி இருக்கும். மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரை, அதற்குப் பிறகு பல கடைகளில் ஏழு மணி வரை சமையலறை மூடியிருக்கும். தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்காமல் ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் சுருங்கும்.

நண்பகல் 12 மணிக்குக் கோட்டைக் குன்றிலிருந்து தினமும் ஒரு வெடிச் சத்தம் கேட்கும். நேரம் காட்டத்தான், பழைய வழக்கம். அப்பா அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஓவியர்கள் ஷகால், மத்தீஸ் பெயரில் நீஸில் இருக்கும் அருங்காட்சியகங்கள் இரண்டும் செவ்வாயில் பூட்டு. எங்கள் சதுரப் பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டரை இங்கேயே வாங்குங்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் பத்திரம் கேளுங்கள், விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்குமுன் அதை ‘பப்லோ’ என்ற சுங்க இயந்திரத்தில் காட்ட வேண்டும். பெட்டி போன பிறகு கேட்டால், சாமானைக் காட்டு என்பார்கள்.