எம்-சாண்ட் லோடு இறங்குவதற்கு முன்பு: வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

சென்னைப் புறநகரில் வீடு கட்டுகிற பலர் ஆற்று மணலை மறந்து நாளாகிவிட்டது. பாலாற்று மணல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியப்பாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு; அவர்களிடம் வாதாடாதீர்கள். வந்திருக்கும் லோடு எம்-சாண்டா (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), கிரஷர் தூசியா என்று பார்ப்பதில் அந்த நேரத்தைச் செலவிடுங்கள். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் கல்லிலிருந்து வருவது. ஆனால் தூசி என்பது ஜல்லி உடைக்கும்போது கழிவாக விழுவது: தட்டையான சில்லும் மாவும் கலந்திருக்கும், நடுத்தரப் பருமனுள்ள மணிகள் குறைவு. எம்-சாண்டுக்குக் கல்லை வி.எஸ்.ஐ. எனும் மோதி உடைக்கும் இயந்திரத்தில் மீண்டும் மோதவிட்டு, ஓரளவு கனசதுர வடிவ மணிகளாக்கி, சலித்து, கழுவி எடுக்கிறார்கள்.

மேடவாக்கத்தில் என் வீட்டு வேலை நடந்தபோது நான் கடைப்பிடித்த வரிசையையே எழுதுகிறேன். சிமெண்ட் விகிதம், கம்பி, சென்ட்ரிங் பற்றி இதில் எதுவும் இல்லை.

படி 1: ஆர்டர் கொடுப்பது

கான்கிரீட்டுக்கும் செங்கல் கட்டுக்கும் எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான நைசான கல் மணல்) என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். எம்-சாண்டையே சலித்துப் பூசிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சலிக்கிற கூலியும் மிஞ்சுகிற கப்பியும் சேர்ந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. பொதுப்பணித் துறை தரச் சோதனை செய்து ஒப்புதல் அளித்த ஆலையா என்று கேட்டு, ஒப்புதல் நகலையும் லோடுக்கு உரிய நடைச்சீட்டையும் (எடுத்துச் செல்லும் அனுமதிச் சீட்டு) வாங்கிப் பாருங்கள்.

ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. டிப்பரின் உள் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து பெருக்குங்கள். நகரச் சாலைகளில் பகல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் லோடு பெரும்பாலும் இரவில்தான் வரும். நல்ல டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும்.

படி 2: கையால் பார்ப்பது

மேலாக அள்ளாமல், குவியலுக்குள் கையை விட்டு எடுங்கள். ஈரமான மணலை உள்ளங்கையில் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினால் கல்மாவு உடனே கழுவிக்கொண்டு போகும். பிசுபிசுத்து ரேகைகளில் செம்மண் போல ஒட்டி நின்றால் குவாரியின் மேல்மண் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த லோடை இறக்க விடாதீர்கள்.

படி 3: கழுவி எடை பார்ப்பது

எனக்குக் குழப்பம் தந்த படி இது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டில் சோதனையில் மணலையும் தண்ணீரையும் குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டலின் உயரத்தைப் பார்ப்பார்கள். அது ஆற்று மணலுக்காக ஏற்பட்ட பழக்கம். அதே கண்ணால் எம்-சாண்டைப் பார்த்தால் நல்ல சரக்கும் தேறாது. ஏனென்றால் மேலே நிற்பது களிமண் அல்ல, கல்மாவு. அது இறுகாமல் படிவதால் உள்ள எடையைவிட உயரமாகத் தெரியும். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை 75 மைக்ரானுக்குக் கீழான துகளை இயற்கை மணலில் எடையில் 3 சதவீதம் வரை அனுமதிக்கிறது. உடைத்த கல் மணலில் 15 சதவீதம் வரை. ஆகவே உயரத்தை விட்டுவிட்டு எடையைப் பிடியுங்கள்.

சமையலறைத் தராசு போதும். மணலை முதலில் பழைய வாணலியில் போட்டு, ஈரம் முழுவதும் போகும் வரை வறுங்கள். ஆறிய பிறகு 500 கிராம் நிறுத்து, வாளியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். சில நொடிகள் பொறுத்து, கலங்கல் நீரை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். தண்ணீர் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள். மிஞ்சிய மணலை மறுபடி வறுத்து நிறுங்கள். கழுவியதில் குறைந்துபோன எடை 75 கிராமைத் தாண்டினால் அது 15 சதவீதத்துக்கு மேல்.

முதல் வறுவலை மட்டும் தவிர்க்காதீர்கள். கழுவிய எம்-சாண்ட் ஈரமாகத்தான் வரும். ஈரம் 6 சதவீதம் என்றாலே 500 கிராமில் 30 கிராம் வெறும் தண்ணீர். கடைசியில் அதுவும் தூசிக் கணக்கில் சேர்ந்து, நல்ல லோடு கெட்ட லோடாகிவிடும்.

கையால் ஊற்றும்போது சற்றுப் பெரிய துகளும் போகும் என்பதால் இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. தூண், தளம் போடும் மணலை ஒரு முறையாவது ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: சல்லடை

முழு அடுக்கு வாங்க வேண்டியதில்லை. 4.75 மி.மீ., 600 மைக்ரான் இரண்டும் இருந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். மணலை மணிப் பருமன்படி ஐ.எஸ். 383 நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது; கான்கிரீட்டுக்கு ஏற்ற இரண்டாம் மண்டல மணலில் முதலாவது வழியாக 90 சதவீதத்துக்கு மேலும், இரண்டாவது வழியாக 35 முதல் 59 சதவீதமும் இறங்க வேண்டும். பிளாஸ்டிக் வலைச் சல்லடை வேண்டாம், கண் விரிந்துவிடும். பித்தளை வலையே நல்லது.

படி 5: தண்ணீர்

எம்-சாண்ட் மணிகளுக்குக் கோணமும் சொரசொரப்பும் அதிகம். கலவை இறுக்கமாகத் தெரியும், உடனே குழாயைத் திறப்பார்கள். எவ்வளவு நல்ல மணல் வாங்கினாலும் கெடுவது இங்கேதான். எம்20 எனும் கான்கிரீட் தரத்துக்கான விகிதக் கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 30 லிட்டர் உச்ச வரம்பு. மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். கோடு போட்ட வாளியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். இளக்கம் போதவில்லை என்றால் பிளாஸ்டிசைசர் திரவத்தை டப்பாவில் எழுதிய அளவுக்குச் சேர்க்கலாம். அதற்கு ஆகும் பணத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள்.

படி 6: பூச்சு

பி-சாண்டிலும் அதே கழுவல் சோதனைதான். மாவு அதிகமானால் தண்ணீர் அதிகம் கேட்கும், காயும்போது சுவரெங்கும் மயிரிழை விரிசல் விடும். வழவழப்புக்காக ஈரப் பூச்சின் மேல் வெறும் சிமெண்டைத் தூவித் தேய்க்கும் பழக்கம் அந்த விரிசலை இன்னும் கூட்டும், கண்டால் தடுத்துவிடுங்கள். தூணும் செங்கலும் சந்திக்கும் இடத்தில் கோழிவலை அடித்துவிட்டுப் பூசுங்கள்.

பின்னர் சேர்த்தது: பாலவாக்கம் பக்கம் கட்டுகிற ஒருவர், எம்-சாண்டில் உப்பு இல்லை என்பதால் கம்பி துருப்பிடிக்காது அல்லவா என்று கேட்டிருந்தார். மணலில் உப்பு இல்லாதது சரிதான். ஆனால் கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தால் உப்பு அந்த வழியாக வந்துவிடும். ஐ.எஸ். 456 தரநிலையின்படி கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். தாண்டினால் கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குங்கள், அதையும் ஒரு முறை சோதித்துவிட்டு.