போர்ச்சுகலில் இருந்து மீண்டும் தொடங்கினேன்

ஒரு நாட்டை ஆளும் கணினி வியூக விளையாட்டான யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4, 1444 நவம்பர் 11 அன்று, ஒட்டோமான் படை சிலுவைப் படையை வென்ற வார்னா போருக்கு மறுநாள் தொடங்கி 1821 வரை நீள்கிறது. என் முதல் மூன்று முயற்சிகளிலும் கருவூலம் காலியாகி, கடனுக்கு மேல் கடன் வாங்கி, வட்டி கட்டவே வருமானம் போதாமல் அரசு திவாலானது.

நான்காவது முறை போர்ச்சுகலைத் தேர்ந்தெடுத்தேன். ஐரோப்பாவில் நில எல்லையில் அதற்கு, பிற்கால ஸ்பெயினின் முன்னோடியான காஸ்டீல் ஒன்றே அண்டை நாடு. அதனுடன் கூட்டணி அமைத்துவிட்டால் எல்லைக் கவலை பெரிதும் குறைகிறது. பிறகு பொருளாதாரப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு செலவின் மீதும் சுட்டியை வைத்து நிதானமாகப் படித்தபோதுதான், போரே இல்லாத காலத்திலும் படைப் பராமரிப்புக்கு முழுத் தொகை போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தச் செலவைக் கூட்டிக் குறைக்கும் பட்டையை அடிவரை இறக்கியதும், சிவப்பாகவே இருந்த மாத இருப்பு பச்சைக்கு மாறியது. ஆனால் பராமரிப்பைக் குறைத்தால் படையின் மன உறுதியும் சரியும் என்பதால், போர் அறிவிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே அதை மறுபடி உயர்த்திவிட வேண்டும். இதை மறந்து வட ஆப்பிரிக்கக் கரையில் நான் இறக்கிய படை, தன்னைவிடச் சிறிய எதிரிப் படையிடம் தோற்றுப் பின்வாங்கியது.

ஸ்பேஸ் பொத்தானை அழுத்தி ஆட்டத்தை நிறுத்திவைத்துச் சிந்திக்கத் தயங்கவே வேண்டாம். வணிக முனையங்களை, அதாவது வணிகப் பணம் வந்து சேர்ந்து பிரியும் இடங்களை, நான் வெகு நாள் கழித்தே கற்றேன். அதுவரை அவை இல்லாமலேயே கருவூலம் நிலையாக இருந்தது.