ஒரு வீரர் ‘நான் தன்பால் ஈர்ப்பாளர்’ என்று சொன்ன நாளில் செய்தி எழுதுவது எப்படி

விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், யூடியூபில் மைக் பிடிக்கிறவர்களும் இதில் அடக்கம்.

2019 மே 19, ஞாயிற்றுக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு, சாயங்காலம் எக்ஸிட் போல் வரும் என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாள். அன்றைக்குத்தான் ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த், தான் ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதாகச் சொன்ன செய்தி வந்தது. இந்தியாவில் ஒரு முன்னணி வீராங்கனை இப்படிப் பொதுவில் சொன்னது அதுதான் முதல் முறை. தன்பால் உறவு குற்றமில்லை என்று 377-வது பிரிவு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த மாதிரிச் செய்தி இன்னொரு நாள் உங்கள் மேசைக்கும் வரும்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். ‘ஒப்புக்கொண்டார்’ என்று போடாதீர்கள், திருடனும் ஊழல்வாதியும்தான் ஒப்புக்கொள்வார்கள். ‘சொன்னார்’ போதும். ‘பகீர்’, ‘பரபரப்பு’, ‘அதிர்ச்சி’ மூன்றையும் தூக்கிவிடுங்கள், அதிர்ச்சி உங்களுக்குத்தான், அவருக்கு அது பல வருஷமாகத் தெரிந்த விஷயம். அப்புறம் ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல். பழக்கத்தில் எல்லாரும் எழுதுவதுதான், ஆனால் அதில் இருக்கிற ‘சேர்க்கை’ வாசகரை நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப் போய்விடுகிறது. தன்பால் ஈர்ப்பு என்று எழுதினால் சொல்ல வந்தது சரியாக வந்துவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கைத் தொடர்ந்து 2022-ல் தமிழ்நாடு அரசே இதற்கெல்லாம் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது, அதனால் தமிழில் சொல் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது.

அடுத்தது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. அவர் தானாகச் சொன்னாரா, இல்லை நாம் பிடுங்கினோமா? 1981-ல் டென்னிஸ் வீராங்கனை மார்ட்டினா நவ்ரத்திலோவா அமெரிக்கக் குடியுரிமைக்குக் காத்திருந்தார், ஒரு பெண்ணோடு உறவில் இருந்த விஷயம் வெளியே வந்தால் குடியுரிமையும் போகலாம், பெண்கள் டென்னிஸுக்கு வரும் ஸ்பான்சர் பணமும் போகலாம் என்று பயந்து, பேட்டி எடுத்த நிருபரிடம் இதைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஜூலையில் குடியுரிமை கிடைத்தது, பத்து நாளில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்துவிட்டது. சரி, அது பழைய காலம் என்பீர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கின்போது ஒரு நிருபர் தன்பால் ஈர்ப்பாளர்கள் பயன்படுத்தும் டேட்டிங் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வீரர்கள் கிராமத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினார். பெயர் போடவில்லைதான், ஆனால் அடையாளம் கண்டுபிடிக்கிற அளவுக்கு விவரம் இருந்தது, இந்த உறவுக்குச் சிறைத் தண்டனை இருக்கிற நாடுகளிலிருந்து வந்தவர்களும் அந்தக் கிராமத்தில்தான் தங்கியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கட்டுரையைத் தூக்கிவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்! அதனால் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தாலும் அவர் சொல்லும்வரை அது செய்தி இல்லை. ‘வேறு யாராவது முதலில் போட்டுவிடுவார்கள்’ என்றால் போடட்டும்.

டூட்டி விஷயத்துக்கு வருவோம். அவர் தன் துணையின் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் பெண் மீது தேவையில்லாத கவனம் விழ வேண்டாம் என்பதுதான் காரணம். அப்படியானால் நீங்களும் தேடாதீர்கள். ஊருக்கு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் மைக்கை நீட்டுவது இன்னும் மோசம். வீட்டுக்குள்ளிருந்தே மிரட்டல் வந்ததால்தான் வெளியே சொல்ல வேண்டி வந்தது என்று இரண்டு நாள் கழித்து அவரே சொன்னார். எரிகிற வீட்டில் ‘எப்படி உணர்கிறீர்கள்’ என்று கேட்கிற வேலை நமக்கு எதற்கு?

இன்னொரு குழப்பம். 2014-ல் டூட்டியைக் காமன்வெல்த் போட்டிக்கு அனுப்பாமல் நிறுத்தியது உடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் அளவு தொடர்பான விதி. அது வேறு, யாரைக் காதலிக்கிறார் என்பது வேறு. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் ஓடி வாங்கிய வெள்ளிப் பதக்கத்தை இழந்த நம்ம புதுக்கோட்டை சாந்தியின் கதையும் பாலினச் சோதனை சம்பந்தப்பட்டது, அதையும் இதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். 2023-ல் டூட்டிக்கு ஊக்கமருந்துக்காக நான்கு ஆண்டுத் தடை வந்தது, அதையும் மறைக்காமல் அது நடந்தபடியே எழுதலாம். ஆனால் ‘தன்பால் ஈர்ப்பாளர் டூட்டிக்குத் தடை’ என்று எழுதினால் அந்த அடைமொழிக்கு அங்கே என்ன வேலை?

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: ‘உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்?’ 2014-ல், தன்பால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்த ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ வீரர் மைக்கேல் சாம் குளிக்கிற விஷயத்தில் சக வீரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஈஎஸ்பிஎன் செய்தி போட்டது, பிறகு மன்னிப்புக் கேட்டது.

அரசியல்தான் சிக்கல். 2019 பெண்கள் கால்பந்து உலகக் கோப்பைக்குப் பல மாதம் முன்னால் ஒரு புகைப்பட ஷூட்டில், தன்பால் ஈர்ப்பாளரான அமெரிக்க வீராங்கனை மேகன் ராபினோ, ஜெயித்தாலும் வெள்ளை மாளிகைக்குப் போக மாட்டேன் என்றார். அந்தத் துண்டு வீடியோ சரியாகப் போட்டி நடக்கிற நேரத்தில் வெளியே வந்தது, டிரம்ப் ‘முதலில் ஜெயித்துவிட்டுப் பேசட்டும்’ என்று ட்வீட் போட்டார். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸுக்கு எதிராக இரண்டு கோலையும் ராபினோதான் அடித்தார், கோப்பையும் வந்தது. கேட்கக் குஷியாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் காலிறுதியில் தோற்றிருந்தால் தலைப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பேட்டி வீடியோ போடும்போது எடுத்த தேதியையும் போடுங்கள்.

அரசாங்கமோ விளையாட்டு அமைப்போ பதில் சொல்ல வேண்டிய கேள்வியை வீரரிடம் கேட்காதீர்கள். 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில், தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாகக் கேப்டன்கள் கையில் வானவில் நிறப் பட்டை அணிந்தால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியது, ஏழு ஐரோப்பிய அணிகள் பின்வாங்கின. அன்றைக்குக் கேள்வி போக வேண்டிய இடம் ஃபிஃபா, அணிச் சங்கங்கள், ஸ்பான்சர்கள். வீரரிடம் கேட்பது சுலபம், அவர் ஆட்டம் முடிந்து நம் எதிரில் வியர்வையோடு நிற்கிறார், அதிகாரியைப் பிடிக்க பத்துத் தடவை போன் போட வேண்டும். போடுங்கள்.

கடைசியாக, அதற்கு அடுத்து வரும் செய்தி. அதே 2019 ஜூலையில் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் டூட்டி 100 மீட்டரை 11.32 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அந்தச் செய்தியில் நேரத்தைப் போடுங்கள், இரண்டாவதாக வந்தது யார் என்று போடுங்கள். காதலி பற்றி அதில் ஒரு வரியும் வேண்டாம்.